காசல்ரீயில் கரையேறாத மஞ்சள் மீன்

அத்தியாயம் 7

தார்ப்பாயின் முடிச்சைக் கஜேந்திரன் அவிழ்க்கும்போது மதுரன் கண்களை இறுக மூடிக்கொண்டான்.

மூடிய இமைக்குள்ளும் மஞ்சள்தான் தெரிந்தது. மூன்று நாட்களாக அவனுக்கு உலகத்தில் வேறு நிறமே இல்லை. ஆள் நீளம், ஆள் எடையில் பாதி, வாலில் ஒரு சுழலி, மூக்கில் ஓர் இரும்பு வளையம். நோர்வே ஆய்வுக்கூடத்தில் அதற்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. பாறைத்தோட்டத்துச் சனங்கள் பார்த்த மாத்திரத்தில் 'மஞ்சள் மீன்' என்று வைத்துவிட்டார்கள். மீனுக்கு ஓட்டுநர் கிடையாது, கயிறு கிடையாது, வயர் கிடையாது. போகவேண்டிய பாதையைக் கரையிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டால் போதும். தண்ணீருக்கடியில் தன்னந்தனியாக நீந்தி, நீர்த்தேக்கத்தின் அடியில் எவ்வளவு சேறு சேர்ந்திருக்கிறது என்று அளந்துவிட்டு, சொன்ன இடத்தில் தானே மேலே வரும்.

செவ்வாய்க்கிழமை காலை அது மேலே வரவில்லை.

இன்று வெள்ளி. பின்னேரம் மூன்றரைக்குள் கிடைக்காவிட்டால் ஆய்வுக்கூடம் காப்புறுதிக் கம்பனிக்குத் 'திருட்டு' என்று எழுதி அனுப்பிவிடும். இரவல் வாங்கி வந்தவன் மதுரன். ஒப்பம் வைத்தவன் மதுரன். அவனுடைய பாஸ்போர்ட் நேற்றே பொலிஸ் மேசைக்குப் போய்விட்டது.

"மிஸ், மஞ்சளாத்தான் இருக்கு," என்று லொறிக்குள்ளிருந்து கஜேந்திரனின் குரல் வந்தது. "நீளமாவும் இருக்கு."

மதுரன் கண்ணைத் திறந்தான். லொறியின் பின்பலகையை எட்டிப் பிடித்தான்.

"ஆனா மீனுக்குள்ள ரெண்டு பேர் குந்த சீட்டு வச்சிருக்கானுங்க. துடுப்பு வேற இருக்கு."

தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது சுற்றுலாப் பயணிகள் ஓட்டும் பிளாஸ்டிக் ஓடம்.

"பாத்தாச்சா?" நோர்வூட் ஹார்ட்வெயார் கடை முதலாளி நஸீர் இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். "நுவரெலியா ஹோட்டலுக்குப் போற சாமான். ஓட்டியும் காட்டணுமா?"

"காட்டினா நல்லம் நானா," என்றபடி கஜேந்திரன் குதித்தான். லொறி ஒருமுறை மூச்சு விட்டு உயர்ந்தது. "ஆனா உங்க கடைக்குப் பின்னால ஓடுறது சாக்கடைக் கான் தண்ணியாச்சே."

"கஜேன், போதும்," என்றார் ஜிப்ரியா.

மீனைத் தேடித் தரச் சொல்லி மதுரன் போனது அவரிடம்தான். ஹட்டனில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் அவருடைய துப்பறியும் அலுவலகம். அதற்கு முன் பதினெட்டு வருடம் காப்புறுதிக் கம்பனியொன்றில் இழப்புப் பரிசோதகர். எரிந்த கடை, கவிழ்ந்த லொறி, காணாமல் போன மாடு என்று மலைநாட்டில் அவர் பார்க்காத இழப்பு இல்லை. வெயிலோ மழையோ கையில் ஒரு கறுப்புக் குடை இருக்கும். அதை விரித்ததை மட்டும் அவருடைய உதவியாளன் கஜேந்திரன் இன்னும் கண்டதில்லை.

"மன்னிச்சிக்கோங்க நானா. லொறியில மஞ்சள் சாமான் போனதக் கண்டதா ஒருத்தர் சொன்னாரு. பாக்காம விட ஏலாது."

"நீங்க பாருங்க, அதுல எனக்குக் கோவமில்ல. இந்தத் தம்பிய கள்ளன்னு சொல்றாங்களே, அதுதான் கோவம்." நஸீர் மதுரனின் தோளைத் தட்டினார். "என்ட கடைக்கு ஒரே நாள்ல ரெண்டு தரம் வந்த புள்ள. காலையில நாலு கிலோ ஈயம். பின்னேரம் மூச்சு வாங்க ஓடி வந்து இன்னும் ரெண்டு கிலோ. திருட நெனக்கிறவன் அந்தப் பாடு படுவானா?"

ஜிப்ரியாவின் குடை தரையில் நின்றது. "ஏன் தம்பி ரெண்டு தரம்?"

"பிளேன்ல ஈயம் கொண்டுவர ஏலாது மிஸ். இங்க வாங்கித்தான் வயித்துல போடணும். மொத்தம் முப்பத்தெட்டு கிலோ வரணும். அதுக்குக் கூடினா மூழ்கிரும், கொறஞ்சா மெதக்கும். நாலு கிலோ ஈயம் போட்டா சரியா வரும்னு அங்க தந்த தாள்ல இருந்துச்சி. போட்டேன், எடை வரல."

"தாள் பிழையா?"

"பழைய கமராவக் கழட்டிட்டுப் புதுசு மாட்டியிருந்தேன். அதால இருக்கும்னு நெனச்சேன்."

ஜிப்ரியா தலையை மட்டும் ஆட்டினார். மதுரன் தொலைபேசியைப் பார்த்தான். பதினொன்று நாற்பது.

*

பாறைத்தோட்டத்துக்கு முச்சக்கரவண்டி ஏறும்போது பனி இறங்கிக்கொண்டிருந்தது. பின்னிருக்கையில் நடுவில் நசுங்கிக்கொண்டு மதுரன் உட்கார்ந்திருந்தான். நான்கு வருடங்களுக்கு முன் இதே வழியாகத்தான் ஒரு சூட்கேசோடு நோர்வேக்குப் போனான். ஆய்வுக்கூடத்தில் மற்றவர்களுடைய இயந்திரங்களுக்குப் பெட்டரி மாற்றினான், உப்புக் கழுவினான், திருகாணி முறுக்கினான். நாலாவது வருடத்தில்தான் துணிந்து கேட்டான்: எங்கள் ஊரில் ஒரு நீர்த்தேக்கம் இருக்கிறது, பழைய இயந்திரம் ஒன்றை மூன்று வாரத்துக்குத் தருவீர்களா? தந்தார்கள்.

"இனி என்னைய அங்க உள்ள எடுக்கமாட்டாங்க மிஸ்," என்றான். "எந்த நாட்டுலயும் எடுக்கமாட்டாங்க. இந்த வேல செய்றவங்க உலகத்துலயே கொஞ்சப் பேர்தான். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்."

"மூனரைக்கு இன்னும் நேரமிருக்கு," என்றார் ஜிப்ரியா. அதற்குமேல் ஆறுதல் சொல்லவில்லை. காப்புறுதித் தாளில் 'திருட்டு' என்று ஒருமுறை ஏறிவிட்டால் அதை அழிக்க என்ன பாடு என்று அவருக்குத் தெரியும்.

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பகல் நிறுவை நடந்துகொண்டிருந்தது. தகரக் கூரையின் வளையிலிருந்து வட்டமான தராசு தொங்கியது. மேலே முள்ளும் முகமும், கீழே கொக்கி. பெண்கள் கொழுந்துச் சாக்குகளோடு வரிசையில் நின்றார்கள். கணக்கப்பிள்ளை முத்துலிங்கம் முள்ளுக்கு எதிரே நின்று, சாக்கு ஆடி அடங்குமுன்பே பாட்டுப்போல எடை சொல்லிக்கொண்டிருந்தார்.

"பதினேழு! அடுத்தது. பதினாலு! அடுத்தது."

"சாக்கு என்னா அய்யா, கருங்கல்லா?" என்று ஒருத்தி முணுமுணுத்தாள்.

"நகரு நகரு. பத்தொம்போது!"

வரிசையில் ஏழாவதாக மதுரனின் அம்மா ராசம்மா நின்றாள். மகனைக் கண்டும் தலையை நிமிர்த்தவில்லை. அவளுக்குப் பின்னால் நின்றவள் நிமிர்த்தினாள். "என்னா மதுரா, மீன யாருக்கு வித்த? சீனாக்காரனுக்கா, அமெரிக்காக்காரனுக்கா?"

"வாயக் கழுவிட்டுப் பேசு," என்றாள் ராசம்மா, திரும்பாமலே.

மதுரனுக்குக் காது இரண்டும் எரிந்தன. அவன் கொக்கியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நிறுவை முடிந்ததும் முத்துலிங்கம் ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "கெடச்சிச்சா தம்பி?" இல்லை என்று தெரிந்ததும் அவர் முகம் சுருங்கியது. "எங்க தோட்டத்துப் புள்ள மிஸ். இவன் பொறந்தப்ப இந்தத் தராசுலதான் நிறுத்தோம். ரெண்டே முக்கால்."

"மீனையும் இங்கதான் நிறுத்தீங்களா?"

"ஆமாங்க. கீறல் விழக்கூடாதுன்னு சாக்குல சுத்திக் கொக்கியில மாட்டினோம். தம்பி கீழ குந்திக்கிட்டு வயித்துல ஈயத்தப் போட்டுச்சி. நான் மேல முள்ளப் பாத்துச் சொன்னேன். முப்பத்தஞ்சு, முப்பத்தாறு... ஈயம் தீந்து போச்சி, நோர்வூட்டுக்கு ஓடிட்டு வந்துச்சி. கடசியில கரெக்ட்டா முப்பத்தெட்டு. ஒரு நூல் பிசகல."

"வேற யாராவது தொட்டாங்களா?"

"தொட விடுவேனா? அடுத்த நாள் நல்ல நேரத்துக்குத் தண்ணியில விடுற வரைக்கும் மடுவத்தப் பூட்டி, தெறப்ப மடியில வச்சிக்கிட்டுப் படுத்தேன்."

ஜிப்ரியா தராசைச் சுற்றி வந்தார். கஜேந்திரனோ ஏற்கெனவே கொக்கியை இரு கைகளாலும் பிடித்திருந்தான். "கணக்கப்பிள்ளை அய்யா, ஒரு பொது நன்மைக்கு. எடை சொல்லுங்க." கால்களை மடக்கித் தொங்கினான். கூரை முனகியது.

"எம்பத்திரெண்டு!"

கஜேந்திரன் கீழே விழுந்த வேகத்தில் எழுந்தான். "மிஸ்! காலையில ஹட்டன் பாமசித் தராசுல எம்பத்திநாலு! நிக்கச் சொன்ன பொம்பளப் புள்ள சிரிச்சா கூட. ரெண்டு கிலோ! உங்களோட அலைஞ்சா ஜிம்முக்குப் போகத் தேவையில்ல."

"வாங்க," என்றார் ஜிப்ரியா. "குளத்தடிக்குப் போவோம்."

*

காசல்ரீ நீர்த்தேக்கத்தின் தண்ணீர் பனிக்குள் ஈயநிறமாய்க் கிடந்தது. கரையில், பீப்பாய்களைக் கட்டிச் செய்த தெப்பத்துறை. செவ்வாய்க்கிழமை கட்டிய மாவிலைத் தோரணம் வாடி இன்னும் தொங்கியது. அன்று தோட்டத்து மனேஜரான பெரிய தொரை, விருந்தாளிகள், கோயில் ஐயர், லய வீடுகளின் சனம் என்று கரை நிறைய ஆட்கள். காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு நல்ல நேரம். மதுரன் இங்கேயே மீனைக் கயிற்றில் கட்டித் தண்ணீரில் இறக்கி, மிதக்கிறதா என்று ஒரு தடவை பார்க்க நினைத்திருந்தான். பத்து நிமிட வேலை. 'நேரம் தாண்டிரும் தம்பி' என்றார் ஐயர். தேங்காய் உடைந்தது. விட்டான்.

படகுக்காரர் பைஸர் எதிர்க்கரையிலிருந்து வந்து துறையில் படகை முட்டினார். மீன் மேலே வரவேண்டிய இடம் அவர் காத்திருந்த இடம்தான். மூன்று நாளாக அங்கே தண்ணீரைச் சல்லடை போட்டுவிட்டார்.

"ஒண்ணுமில்ல தம்பி. ஒரு மஞ்சள் துண்டு கூட இல்ல."

"வழி தப்பி இருக்குமோ?" என்றார் ஜிப்ரியா.

"தப்பினாலும் மேல வந்திருக்கணும் மிஸ்." மதுரன் தெப்பத்தின் விளிம்பில் உட்கார்ந்தான். "பெட்டரி செத்தாலும், மூளை கொழம்பினாலும் அதுக்கு ஒரு கடைசி வழி வச்சிருக்கு. வயித்துல உள்ள ஒரு கிலோ இரும்பக் கழட்டிக் கீழ விட்டுரும். ஒரு கிலோ கொறஞ்சா மூழ்கவே ஏலாது, கட்டாயம் மெதக்கும். அப்ப மேல வந்திச்சி. மேல வந்தத யாரோ எடுத்துட்டாங்க. வேற கதையே இல்ல. அதத்தான் அவங்களும் சொல்றாங்க."

தொலைபேசி அதிர்ந்தது. ஆய்வுக்கூடப் பொறுப்பாளரின் செய்தி. அவன் இரண்டு முறை வாசித்துவிட்டு நீட்டினான். 'உங்கள் நேரம் 3.30க்கு அறிக்கை அனுப்புகிறோம். அதற்குமேல் எங்களால் தாமதிக்க முடியாது. மன்னிக்கவும், மதுரன்.'

மணி இரண்டு ஐந்து.

"சரி, சந்தேக நபர்கள்," என்று கஜேந்திரன் தன் தொலைபேசியை எடுத்தான். மற்றக் கையில் பாதி தின்ற பணிஸ். "இந்த மாதிரி மீன் செய்றவன் எவன் எவன்னு ராத்திரி முழுக்கத் தேடினேன் மிஸ். அமெரிக்காவுல கடல் ஆராய்ச்சிக்காரங்களும் கடற்படையும். நோர்வேயில பெரிய கம்பனிங்க. இங்கிலாந்துல சவுத்ஹாம்டன். யப்பான், பிரான்ஸ், கனடா, அவுஸ்திரேலியா. சீனாவுல ஷென்யாங். இந்தியாவுல நம்ம சென்னைப் பக்கமே ஒரு நிறுவனம் இருக்கு. இது பத்தாதுன்னு கெம்பஸ் புள்ளைங்க செஞ்சி கொண்டுவந்து போட்டி வேற நடத்துறாங்க. ஆக மொத்தம் சந்தேக நபர், உலகம். யார மொதல்ல கூப்பிடுறது?"

"இவ்வளவு பேரும் தாங்களே செய்றாங்க இல்லயா?" என்றார் ஜிப்ரியா. "பேக்கரி வச்சிருக்கவரு காசல்ரீ வரைக்கும் வந்து ஒரு பழைய பணிஸத் திருடுவாரா?"

"ருசி பாக்கத் திருடலாம் மிஸ்."

"ருசி பாக்கவும் ஏலாது," என்றான் மதுரன் சோர்வாக. "பூட்டு எண் இல்லாம அது வெறும் குழாய். எடுத்தவனுக்கு ஒரு பிரயோசனமும் இல்ல."

"சரி, இவ்வளவு பேர் செய்றாங்களே, தொலைச்சிருக்காங்களா?"

"ஓ. எத்தனையோ. தென்துருவத்துல பனிக்கட்டிக்கு அடியில போனது ஒண்ணு வரவே இல்ல. வலையில சிக்கினது இருக்கு, மீன்பிடிக்காரங்க கண்டெடுத்தது இருக்கு. எங்க கூடத்துல ஒண்ண மூனு வாரம் தேடினாங்க."

"அதுல எத்தனை களவு?"

மதுரன் யோசித்தான். "எனக்குத் தெரிஞ்சி... ஒண்ணும் இல்ல."

"ம்." ஜிப்ரியா குடை நுனியால் தெப்பப் பலகையைத் தட்டினார். "பயனில்லாத பொருள். களவு போன சரித்திரமே இல்லாத பொருள். அதத் திருட்டுன்னு நம்புறோம். ஏன்? ஒரு கிலோ கழண்டா கட்டாயம் மெதக்கும்னு தம்பி சொல்றதால. பதினெட்டு வருசம் நான் ஒரு தாள நிரப்பினேன். மூனாவது கேள்வி, பொருளைக் கடைசியா எங்க கண்டீங்க? எல்லாரும் அந்தக் கேள்வியில மட்டும் அவசரமா எழுதிட்டு அடுத்ததுக்குப் போவாங்க. நீங்க கடைசியா எங்க கண்டீங்க தம்பி?"

"இங்கதான். இந்த எடத்துல."

"எப்படி மூழ்கிச்சி?"

"அழகா மூழ்கிச்சி. எல்லாரும் கை தட்டினாங்க."

கஜேந்திரன் இரண்டாவது பணிஸை எடுத்தான். ஜிப்ரியாவின் பார்வை அதில் விழுந்ததும் நெஞ்சை நிமிர்த்தினான். "என்னா மிஸ்? ரெண்டு கிலோ கொறைச்சிருக்கேன். எனக்கு எடம் இருக்கு."

ஜிப்ரியா அவனைப் பார்த்தபடியே இருந்தார். பணிஸ் பாதி வழியில் நின்றது.

"கஜேன், காலையில பாமசிக்குப் பிறகு என்னென்ன சாப்பிட்டீங்க?"

"அது... ரெண்டு ரோல்ஸ். நோர்வூட்ல ஒரு பராட்டா, சும்மா ருசிக்கு. நஸீர் நானா கடையில பிளேன்டீ."

"வண்டியில போனோம், வண்டியில வந்தோம். தின்னத் தின்ன ரெண்டு கிலோ கொறையுமா?"

"ஆண்டவன் கண்ணத் தொறந்தா..."

"தராசு மேல. நீங்க கீழ தொங்கினீங்க. முள்ள நீங்க பாத்தீங்களா?"

"நான் எப்படிப் பாக்க? அய்யாதானே சொன்னாரு."

"தம்பியும் கீழதான் குந்தியிருந்தாரு." ஜிப்ரியா மதுரனின் பக்கம் திரும்பினார். "நீங்களும் முள்ளப் பாக்கல. கேட்டீங்க. தாள் சொன்னது நாலு கிலோ ஈயம். அய்யா வாய் முப்பத்தெட்டுன்னு சொல்ல இன்னும் ரெண்டு கிலோ வேண்டி இருந்துச்சி. பாமசி எம்பத்திநாலு, மடுவம் எம்பத்திரெண்டு. எங்க பாத்தாலும் அதே ரெண்டு கிலோ. அந்த ரெண்டு எங்க போகுது தம்பி? நீங்க தோட்டத்துப் புள்ள. எனக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியணும்."

மதுரனின் உதடு அசைந்தது. கணக்கப்பிள்ளையின் குரல் அவன் பிறந்ததிலிருந்து தினம் மூன்று வேளை கேட்டது. அம்மா புலம்பிய புலம்பல். லயத்தில் யாரும் புதிதாய்ச் சொல்லத் தேவையில்லாத ஒன்று.

"சாக்குக்கு..." என்றான். "சாக்குக்கு ரெண்டு கழிப்பாங்க. எல்லா நிறுவைக்கும். முள்ளு எதுல நின்னாலும் ரெண்ட விட்டுட்டுத்தான் சொல்லுவாங்க."

"மீனைச் சாக்குல சுத்தித்தானே கொக்கியில மாட்டினீங்க."

முள்ளைக் கண்ட கண் நாற்பது என்று பார்த்திருக்கும். பழகிய வாய் முப்பத்தெட்டு என்று பாடியிருக்கும்.

"நாப்பது," என்றான் மதுரன். "வெறும் சாக்கு எவ்வளவு வரும், கால் கிலோவா? நாப்பதுக்குக் கிட்ட. ஒரு கிலோ இரும்பு கழண்டு விழுந்தாலும் முப்பத்தொம்போதுக்குக் கிட்ட. அப்பவும் மெதக்காது." அவன் தண்ணீரைக் கையால் காட்டினான். "நோர்வேயில தண்ணியில விட்டா ஒரு நிமிசம் முதுகக் காட்டிக்கிட்டே நிக்கும். சுழலி இழுத்தாத்தான் உள்ள போகும். இங்க விட்டவுடனே போச்சி. கல்லு மாதிரி. நான் பாக்கல மிஸ். கை தட்டினாங்க, நான் அம்மா முகத்தப் பாத்துக்கிட்டு நின்னேன்."

அவன் மெல்லக் குனிந்து, தான் உட்கார்ந்திருந்த தெப்பத்துக்குக் கீழே கறுத்துக் கிடந்த தண்ணீரைப் பார்த்தான்.

உலகம் முழுக்கத் தேடிய பொருள் அவன் கால்களுக்கு நேர் கீழே இருந்தது.

*

பைஸரின் நங்கூரத்துக்கு நான்கு கொக்கிகள். துறையடியில் முப்பதடி ஆழம், அதற்குக் கீழே சேறு. மீனின் மூக்கு எதிர்க்கரைப் பக்கம் இருந்திருக்கும் என்பதால் துறையிலிருந்து நேர் கோடாக இழுத்தார்கள்.

முதல் தடவை பாசி வந்தது. இரண்டாவது தடவை ஓர் உரப்பை. மணி மூன்று ஐந்து. மூன்றாவது தடவை கயிறு விறைத்து நின்றது. மதுரனும் பைஸரும் பல்லைக் கடித்து இழுத்தார்கள். அடியில் ஏதோ அசைந்து, நழுவி, கயிறு தொளதொளவென்று மேலே வந்தது. மதுரன் வாய்விட்டு அழுதான். யாரும் அவனைத் தடுக்கவில்லை.

"அங்கயே போடுங்க," என்றார் ஜிப்ரியா. "நழுவினது பாறையில்ல. பாறை அசையாது."

நான்காவது தடவை கயிறு கனத்தது. அங்குலம் அங்குலமாக ஏறியது. தண்ணீருக்கடியில் முதலில் ஒரு பழுப்பு நிழல், பிறகு சேறு வழிந்த ஒரு மூக்கு, கொக்கி மாட்டிய இரும்பு வளையம், அதற்குப் பின்னால் மஞ்சள்.

மூன்று பதினெட்டு.

மதுரன் படம் எடுத்தான். அனுப்பினான். சுற்றிக்கொண்டே இருந்தது. குளத்தடியில் சிக்னல் இல்லை.

"மேல தேயிலைக்குள்ள ரெண்டு கோடு வரும்!" என்றார் பைஸர்.

மதுரன் மீனைப் பிடித்த கையை விடவில்லை. கஜேந்திரன் தொலைபேசியைப் பறித்துக்கொண்டு ஏறினான். எண்பத்திநாலு கிலோவும் தேயிலைச் செடிகளைப் பிளந்துகொண்டு, வழுக்கி, விழுந்து, எழுந்து, பனிக்குள் மறைந்தது. கீழே மூன்று பேரும் அண்ணாந்து நின்றார்கள். மூன்று இருபத்தைந்து. மூன்று இருபத்தேழு.

மலைக்கு மேலிருந்து ஒரு குரல் வந்தது. "போயிருச்சி மிஸ்ஸ்! பாத்துட்டாங்க! அறிக்கைய நிப்பாட்டிட்டாங்களாம்!" கொஞ்சம் இடைவெளி. "இப்ப கட்டாயம் ரெண்டு கிலோ கொறைஞ்சிருக்கும்!"

*

பின்னேர நிறுவைக்கு மடுவம் நிறைந்திருந்தது. சேறு அப்பிய மீனைப் பைஸரும் கஜேந்திரனும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி வந்து வாசலில் கிடத்தினார்கள். பெண்களின் வரிசை கலைந்து அதைச் சுற்றி நின்றது. பகலில் சீனாக்காரனைக் கேட்டவள் குனிந்து மீனின் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள்.

முத்துலிங்கம் சிரித்துக்கொண்டே வந்தார். ஜிப்ரியா தணிந்த குரலில் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்போது அந்தச் சிரிப்பு முகத்தில் இல்லை.

"நான் முப்பத்தெட்டுன்னுதானே..." அவர் தராசைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். "முப்பது வருசமுங்க. கொக்கியில எது தொங்கினாலும் வாய் தானா ரெண்டக் கழிச்சிரும். கழிக்கிறதே எனக்குத் தெரியாது. அய்யோ தம்பி, நான் உன்னையக் கள்ளனாக்கப் பாத்தேனே."

"இல்லைங்க," என்றான் மதுரன்.

தொலைபேசியில் ஆய்வுக்கூடத்தின் கேள்வி காத்திருந்தது: 'காரணம் என்ன?' அவன் ஒரே வரி எழுதினான். 'எடை முள்ளை நான் நேரில் பார்க்கவில்லை.' முத்துலிங்கத்தின் பெயரை எழுதவில்லை. அனுப்பினான்.

நிறுவை தொடங்க வேண்டியிருந்தது. வரிசையில் முதலாவதாக ராசம்மா. கொழுந்துச் சாக்கைத் தூக்கிக் கொக்கியில் மாட்டினாள். எப்போதும் கொழுந்துக்காரர்கள் நிற்கும் இடத்துக்கு ஒதுங்கவில்லை. தராசைச் சுற்றி நடந்து, முள்ளுக்கு எதிரே, கணக்கப்பிள்ளையின் தோளோடு தோளாக வந்து நின்றாள்.

"சாக்கு ரெண்டு கிலோ வராதுன்னு நாங்க எத்தன வருசமாச் சொன்னோம்," என்றாள். "மெசின் ஒண்ணு மூழ்கினாத்தான் உங்களுக்குக் கேக்குது. இப்ப சொல்லுங்க அய்யா."

சாக்கு ஆடி அடங்கியது. முத்துலிங்கத்தின் வாய் திறந்தது, மூடியது. வரிசையில் நின்ற மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக முள்ளின் பக்கம் நடந்து வந்தார்கள்.

"இருவத்தொண்ணு," என்றார் முத்துலிங்கம்.

முள்ளும் இருபத்தொன்றில்தான் நின்றது.